மட்டக்களப்பு – பொத்துவில் கரையோரச் சைக்கிள் வழி

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக் கோட்டையில் தொடங்கி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஊடாகப் பொத்துவில் வரை செல்லும் ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வழி. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய என்று தெற்கே சுற்றி வரும் ஏ-4 வீதியின் கடைசிப் பகுதியும் அதன் கிளை வீதிகளும் சேர்ந்ததே இது. வழி நெடுகச் சமதரைதான். ஏற்றம் என்று சொல்லப் பாலங்களைத் தவிர அதிகமில்லை. கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளே போதும்.

கோட்டைக்குக் கோட்டை சைக்கிள் மிதிக்க இது ஐரோப்பா அல்ல. பெயர் சொல்லத்தக்க கோட்டை ஒன்றுதான். அதுவும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையைக் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் 1638இல் பிடித்தனர். 1795இல் அது பிரித்தானியர் கைக்குப் போனது. இந்தக் கோட்டைக்கும் தெற்கேயுள்ள முஸ்லிம் ஊர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரை கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. துரத்தியவர்களே இரண்டு ஆண்டில் பின்னாலேயே வந்து வாவிக்கரையில் பீரங்கி வைத்தார்கள்.

கல்லடியில் 1924இல் கட்டப்பட்ட லேடி மானிங் பாலமும் அதன் பக்கத்தில் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் உள்ளன. பாலத்தைக் கடந்தால் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அந்த நிலத்தில்தான் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. கோயில் மணியும் பாங்கும் சில கிலோமீற்றர் இடைவெளியில் காதில் விழும். கல்முனை வரையான இந்த 40 கிலோமீற்றரில் பஸ்களின் வேகம்தான் தொல்லை.

பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. மருதமுனை வந்ததும் பிரதான வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்குவதே நல்லது. மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். சாரமும் சேலையும் இங்கே நெய்யப்படுகின்றன. கடற்கரையில் கரைவலை இழுப்பவர்கள் கயிற்றை இடுப்பில் கொளுவிக்கொண்டு பின்பக்கமாகவே அடியெடுத்து வருவார்கள். வலையின் மடி கரையேறும் நேரத்தில் மீன் வாங்க வந்தவர்கள் சைக்கிள்களை மணலில் சாய்த்துவிட்டுச் சூழ்ந்து நிற்பார்கள். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்ற விழா நடக்கிறது. தமிழகக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இருந்த கடல்வழி உறவுக்கு அது இன்றும் உயிருள்ள சான்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலோரத்தில் வெறுமையாகக் கிடக்கும் காணிகளைப் பார்க்கிறவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சாய்ந்தமருதுக்கு அடுத்த காரைதீவு, யாழ்நூல் எழுதிய சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். இங்கிருந்து மேற்கே மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குப் போகும் வீதி இருபுறமும் வயல்வெளி. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால் நீரில் விளையும் நெல் இது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது வட்டவிதானை எனப்படுபவரின் பொறுப்பு. விளைந்த பருவத்தில் இதைவிட அழகான சைக்கிள் வீதி இந்த மாவட்டத்தில் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பக்கம் போகவே கூடாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸா மாணவர்கள் ஏறிச் சென்ற உழவு இயந்திரம் இங்கேதான் அடித்துச் செல்லப்பட்டது.

நிந்தவூரை அடுத்து ஒலுவில். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 2013இல் திறக்கப்பட்ட துறைமுகமும் இங்குள்ளன. துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. வடக்கே கரையைக் கடல் அரித்தது. தென்னைகள் வேரோடு சரிந்த கரையைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. இந்தப் பகுதியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சத்தாதிஸ்ஸ மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் தீகவாபித் தாதுகோபம் இருக்கிறது.

அக்கரைப்பற்றுக்குத் தெற்கே ஊர்கள் ஐதாகின்றன. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில், கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவோர் தங்கிச் செல்லும் பழைய தலம். அதன் பிறகு பொத்துவில் வரை நிழலும் கடையும் குறைவு. தண்ணீர் நிறைய வேண்டும். பொத்துவிலிலிருந்து லாகுகலைப் பக்கம் போய் மகுல் மகா விகாரையின் இடிபாடுகளைப் பார்க்க விரும்புவோர் பகலிலேயே போய்த் திரும்ப வேண்டும். அது யானைக் காடு.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வாடைக் காற்றோடு மழை கொட்டும். மே மாதத்துக்குப் பின் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பகலில் வாயை உலர்த்திவிடும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊர்களின் சாப்பாட்டுக் கடைகள் பகலில் பூட்டியிருக்கும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் உண்டென்றால், கோட்டையையும் பொத்துவிலையும் விட்டுவிட்டு மருதமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் ஓடலாம். இந்த வழியின் சாரம் அதில்தான் இருக்கிறது. சுபஹுத் தொழுகைக்குப் பின் விடியலில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம்: சற்றுத் தாமதமானாலும் நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், பள்ளிவாசல்களின் முன்னால் வீதி வாகனங்களால் அடைபட்டிருக்கும்.