கோட்டையூரும் பள்ளத்தூரும்: நகரத்தார் குடும்பக் கொடை சொந்த மண்ணுக்குத் திரும்பிய வரலாறு

காரைக்குடியில் இறங்குகிறவர் கண்ணில் படும் பெயர்ப்பலகைகளில் ஒன்று 'அழகப்பா அரசு கலைக் கல்லூரி'. கல்லூரி தொடங்கிய 1947இல் அந்தப் பெயரில் 'அரசு' கிடையாது. கொடுத்தவர் பெயருக்கும் கொடுத்த பொருளுக்கும் நடுவே அந்தச் சொல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று பார்க்கப் போனால், செட்டிநாட்டுக் குடும்பங்களின் கொடை ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் எடுத்த திருப்பங்கள் பலவும் விளங்கும்.

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தாரிடம் கொடை என்பது முதலில் ஒரு கணக்கு. பர்மா, மலேயா, இலங்கை என்று 'கொண்டுவிற்க'ப் போனவர்கள் நடத்திய வட்டிக்கடைகளில், தர்மத்துக்கென்று பேரேட்டில் தனிப்பற்று இருந்தது. வரவு செலவில் இவ்வளவு என்று மகமை பிடித்து அதில் வரவு வைத்தார்கள். ஊரிலோ வேறு ஏற்பாடு. திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு 'புள்ளி'. கோயில் செலவுக்குப் புள்ளி வரி, வசதிக்கேற்ப ஆஸ்தி வரி. மனமுவந்து கொடுப்பது ஒருபுறம் இருக்க, கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இருந்ததால்தான் பணம் வற்றாமல் வந்தது. கொடையை உள்ளத்தின் ஈரமாக மட்டும் எழுதிவைக்கும் பாராட்டு நூல்கள் இந்தப் பேரேட்டைத் திறந்து பார்ப்பதில்லை.

அப்படிச் சேர்ந்த பணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் போன இடம் பெரும்பாலும் கோயில். இளையாற்றங்குடி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்கள் புதுக்கப்பட்டன. செட்டிநாட்டுக்கு வெளியேயும் சிதம்பரம் தொடங்கிப் பல ஊர்களில் திருப்பணி நடந்தது. காசியில் நகரச் சத்திரம் எழுந்தது. அங்கிருந்து பூசைப் பொருள்களைச் சுமந்து 'சம்போ, சம்போ' என்று குரல் கொடுத்துக்கொண்டு சந்து வழியே விசுவநாதர் கோயிலுக்கு நடக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பழைய கற்றளிகளைப் பிரித்துக் கட்டியதில் கல்வெட்டுகள் பாழாயின என்பது கல்வெட்டு ஆய்வாளர்களின் தீராத மனக்குறை. அது நியாயமான குறைதான்.

1920களில் காற்று திசை மாறியது. 1917இல் காரைக்குடியில் தோன்றிய இந்து மதாபிமான சங்கமும், 1920இல் வெளிவரத் தொடங்கிய 'தனவைசிய ஊழியன்' இதழும் நகரத்தார் இளைஞர்களிடையே சீர்திருத்தப் பேச்சை வளர்த்தன. சட்டமும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் அறநிலைச் சொத்தின் வருமானத்துக்கு விலக்கு இருந்தது. ஊர்ப் பொதுவில் நடந்த தர்மம், பத்திரம் எழுதிய டிரஸ்டாக உருக்கொள்ள இதுவும் ஒரு தூண்டுதல் என்பது என் கருத்து. கானாடுகாத்தான் அண்ணாமலை செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஆனால் அது அமைந்த இடம் சிதம்பரம். அவர் குடும்பம் திருப்பணி செய்த ஊருக்கே கல்விக்கொடையும் போனது. அதாவது, கொடுக்கும் பொருள் மாறிய பிறகும் கொடுக்கும் இடத்தைக் கோயிலே தீர்மானித்தது.

பணம் வந்த வழியையும் இங்கே சொல்லியாக வேண்டும். கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடு. 1937இல் 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய உழவரால் திருப்பிக் கட்ட முடியவில்லை, ஈடு வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. நிலம் வேண்டுமென்று செட்டியார்கள் கேட்கவில்லை, ரொக்கத்தைத்தான் கேட்டார்கள் என்பது உண்மை. நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு அந்த வேறுபாடு ஆறுதல் தந்திருக்காது. 1942இல் ஜப்பானியர் நுழைந்ததும் கடைகள் மூடப்பட்டன. 1948க்குப் பிறகு வந்த நில நாட்டுடைமை மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. பர்மா வருவாய் அற்றுப்போன அதே பத்தாண்டில்தான் செட்டிநாட்டுக்குள் பெரிய கல்விக்கொடை விழுகிறது.

அதைச் செய்தவர் கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்ப செட்டியார். மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார், லண்டனில் பாரிஸ்டரானார், விமானம் ஓட்டவும் பழகினார். வட்டிக்கடையை நம்பியிருந்த தலைமுறையிலிருந்து விலகி கொச்சிச் சீமையில் நூற்பாலை, மலேயாவில் ரப்பர் என்று தொழில் செய்தவர். அவருடைய முதல் பெரிய கல்விக்கொடை சொந்த ஊருக்குப் போகவில்லை. 1944இல் கிண்டியில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். இன்றும் சென்னையில் 'ஏ.சி. டெக்' என்றே அதைச் சொல்கிறார்கள்.

1947 ஜூலையில், அன்னி பெசன்ட் நூற்றாண்டையொட்டி நடந்த ஒரு கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்றார். அழகப்பர் அங்கேயே எழுந்து காரைக்குடியில் தொடங்குகிறேன் என்றார். அடுத்த மாதம் கல்லூரி நடந்தது. கட்டடம்? காந்தி மாளிகையில் ஒண்டுக்குடித்தனம். வாக்குக்கும் வகுப்புக்கும் இடையே சில வாரங்களே ஆயின என்பதைப் பல்கலைக்கழக அனுமதிக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய எவரும் வியக்காமல் இருக்க முடியாது.

ஆனால் வேகத்தைவிட அவர் கண்டுகொண்ட வழிதான் வரலாற்றில் முக்கியம் என்று நினைக்கிறேன். புதிய இந்தியாவில் தேசிய ஆய்வுக்கூடங்கள் தொடங்கப் போகிறார்கள், அவை பெருநகரங்களுக்குத்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நிலை. அழகப்பர் 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் தட்டில் வைத்தார். ஊருணி நீரை நம்பிப் பிழைத்த செம்மண் பூமி, சென்னையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தள்ளி. 1948 ஜூலை 25இல் நேரு அங்கே வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். சீர் வரிசை வைத்து மாப்பிள்ளையை அழைத்ததைப் போல அரசை அழைத்துவந்தார் என்றே சொல்லலாம். பொறியியல் கல்லூரி 1952இல் தொடங்கியது. 1957இல், 48 வயது நிறைய ஒரு நாள் இருக்கையில், அவர் இறந்தார்.

பக்கத்து ஊரான பள்ளத்தூரின் கதை வேறு. அ.மு. முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவின் மோல்மேனில் கடை தொடங்கியவர். 1924இல் சொந்த ஊரில் இலவச மருத்துவமனை அமைத்தார். ஜப்பானியர் வருவதற்கு முன்பே குடும்பம் தன் முதலீட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் ஆலை, 1953இல் குடும்ப அறக்கட்டளை, 1957இல் ஆலைப் பகுதியை ஒட்டியே முருகப்பா பாலிடெக்னிக், 1966இல் அம்பத்தூரில் மருத்துவமனை. அந்த மருத்துவமனைக்கு வைத்த பெயர் தொழில் கூட்டாளியான ஆங்கிலேயர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டுடையது. பள்ளத்தூரில் தொடங்கிய கொடை புகைபோக்கியைத் தொடர்ந்து அம்பத்தூர் போனது. பள்ளத்தூரையும் கைவிடவில்லை, 1963இல் அங்கே சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரி வந்தது. தொழில் நிலைத்ததால் அறக்கட்டளையும் குடும்பத்தின் கையிலேயே நிலைத்தது.

அழகப்பர் நிறுவனங்களில் பலவற்றுக்கு அது வாய்க்கவில்லை. கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் அரசிடம் போயின. கிண்டிக் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. 1985இல் சட்டம் இயற்றி அழகப்பா பல்கலைக்கழகத்தை மாநில அரசு உருவாக்கியது. இதை ஒரு குடும்பத்தின் இழப்பு என்று எழுதுவோர் உண்டு. புள்ளி வரி கொடுத்துக் கோயிலைப் பொதுவாக்கிப் பழகிய சமூகத்தில் பிறந்தவருக்கு, கொடுத்த பொருள் கைமாறிப் போவதில் வியப்பு இருந்திருக்காது. மேலும், தான் வாழ்ந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்தவர் அவர்.