சவ்வு அடைபடுதலும் வடசென்னையின் மறுபயன்பாட்டு நீரும்

சவ்வு அடைபடுதல் என்பது கழிவுநீரை வடிகட்டும் மென்சவ்வின் நுண்துளைகளில் கசடும் நுண்ணுயிர்கள் சுரக்கும் வழவழப்பான படலமும் படிந்து நீரோட்டத்தைக் குறைப்பதாகும். இதனால் மின்செலவு கூடும். சவ்வின் ஆயுள் குறையும்.

சவ்வு உயிரியல் உலையை 1960களின் இறுதியில் அமெரிக்காவின் டார்-ஆலிவர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. உலைக்கு வெளியே இருந்த சவ்வு அடைபடாமலிருக்கக் கசடுநீரை மிகுவேகத்தில் சுற்றவிட வேண்டியிருந்தது. அதற்கான மின்செலவால் அம்முறை பரவலாகவில்லை. 1989இல் சப்பானில் யமமோட்டோ குழுவினர் சவ்வை உலைக்குள்ளேயே மூழ்கவைத்து, குறைந்த உறிஞ்சழுத்தத்தில் நீரைப் பிரித்தனர். இவ்வகை உலைகளில் மேலெழும் காற்றுக்குமிழிகளே படிவை உரசி அகற்றுகின்றன.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே எர்ணாவூர் அமைந்துள்ள வடசென்னைத் தொழிற்பகுதியிலும் சவ்வுகளின் பயன்பாடு முக்கியமானது. 1990களில் மணலி ஆலைகள் நகரக் கழிவுநீரை எதிர்மறை சவ்வூடு பரவல் முறையில் மீட்டுப் பயன்படுத்தின. 2019இல் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம்நிலைச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. இங்கு சவ்வு உலைக்குள் இல்லை. உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த நீரே சவ்வுகளுக்குச் செல்கிறது. ஆயினும் எஞ்சிய கரிமப்பொருளாலும் நுண்ணுயிர்களாலும் அவையும் அடைபடக்கூடியவை. பின்கழுவலும் வேதிக்கழுவலும் தவறினால் ஆலைகளுக்கான நீர் குறையும். அக்குறையை நகரின் நன்னீரைக் கொண்டே ஈடுசெய்ய நேரும்.