காய்ச்சலும் தலைப்புச் செய்தியும்

புதிதாக ஒரு காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தி வந்துவிட்டால், ஊரில் இரண்டு குரல்கள் எழும். "இந்த முறை யாரும் தப்ப முடியாது" என்பது ஒரு குரல். "எல்லாம் பத்திரிகைக்காரர்கள் கிளப்பிவிடும் பீதி, மருந்துக் கம்பெனிகளுக்கு நல்ல வியாபாரம்" என்பது மற்றொரு குரல். தேநீர்க் கடையிலும், கோவில் முற்றத்திலும், பேருந்து நிறுத்தத்திலும் இந்த இரண்டையும் கேட்டிருக்கிறோம். எது சரி? 1918, 1976, 2009 ஆகிய ஆண்டுகளில் இக்கேள்வி பெரிதாக எழுந்தது. மூன்று முறையும் கிடைத்த விடை ஒன்றல்ல. அந்த மூன்று நிகழ்வுகளையும் இன்று சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலாவது, 1918ஆம் ஆண்டு. முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இருந்த நேரம். போரிட்ட நாடுகளில் செய்தித் தணிக்கை இருந்தது. படைவீரர்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்று எழுதினால் மக்கள் மனம் தளரும், எதிரி மகிழ்வான் என்று அரசுகள் எண்ணின. ஸ்பெயின் நாடு போரில் சேராததால், அங்கிருந்த செய்தித்தாள்கள் நோயைப் பற்றி வெளிப்படையாக எழுதின. அந்நாட்டு மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோவும் நோயில் விழுந்தார் என்பதை உலகம் வாசித்தது. விளைவு என்ன? உண்மையைச் சொன்ன நாட்டின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. ஸ்பானிஷ் ஃபுளூ என்று இன்றும் சொல்கிறோம். அந்த நோய் உலகில் ஐந்து கோடி பேர் வரை கொன்றிருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் செப்டம்பர் 28ஆம் நாள் போர்க்கடன் பத்திரங்களுக்காக ஒரு பெரிய ஊர்வலம் நடக்கவிருந்தது. நகரில் ஏற்கெனவே நோய் நுழைந்திருந்தது. ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று சில மருத்துவர்கள் எச்சரித்தார்கள். நகரின் சுகாதாரப் பொறுப்பாளர் வில்மர் குரூசன் நிறுத்தவில்லை. வீண் பயம் வேண்டாம் என்பதே அன்றைய பேச்சு. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் தெருக்களில் நெருங்கி நின்றார்கள். சில நாட்களுக்குள் மருத்துவமனைகளில் படுக்கை இல்லை. அடுத்த சில வாரங்களில் அந்த ஒரு நகரில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அதே நாட்டில் செயின்ட் லூயிஸ் என்ற நகரம். அங்கே சுகாதார ஆணையராக இருந்த மேக்ஸ் ஸ்டார்க்லாஃப், நகரில் நோயாளிகள் தென்பட்ட சில நாட்களுக்குள், அக்டோபர் 7ஆம் நாளே பள்ளிகளையும் திரையரங்குகளையும் ஆலயங்களையும் மூடச் செய்தார். வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். மிகையாகப் பயப்படுகிறார் என்றும் சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் நோய் உச்சத்தில் இருந்த வாரத்தில், அந்நகரின் இறப்பு விகிதம் ஃபிலடெல்ஃபியாவில் கண்ட உச்சத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். நவம்பரில் தடைகளைத் தளர்த்தியதும் நோய் மீண்டும் ஏறியது. மீண்டும் தடைகளைக் கொண்டுவந்தார்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிகளும் ஆலயங்களும் அடைக்கப்பட்டபின், பேராயர் டென்னிஸ் டொகர்ட்டி அருள்சகோதரிகளை நோயாளிகளிடம் அனுப்பினார். அவர்களில் பலர் பங்குப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்கள். செவிலியர் பயிற்சி பெறாதவர்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சகோதரிகள் மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் பணி செய்தார்கள். அவர்களிலும் சிலர் நோய்க்குப் பலியானார்கள். புதைக்க ஆளில்லாமல் சவப்பெட்டிகள் குவிந்தபோது குருமட மாணவர்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டினார்கள். அவர்களுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்குமா? பயத்தோடுதான் போயிருப்பார்கள். ஆனாலும் போனார்கள்.

இரண்டாவது, 1976ஆம் ஆண்டு. நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபோர்ட் டிக்ஸ் என்ற ராணுவ முகாம். பிப்ரவரி மாதம் அங்கே ஓர் இளம் வீரர் காய்ச்சலில் இறந்தார். பரிசோதித்தபோது பன்றிகளிடம் காணப்படும் ஃபுளூ கிருமி தெரிந்தது. 1918ஆம் ஆண்டின் நோயோடு அதற்கு உறவு உண்டு என்று அறிஞர்கள் கருதினார்கள். பழைய கல்லறைகள் எல்லார் நினைவுக்கும் வந்தன. மார்ச் 24ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு, நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி என்று அறிவித்தார். அக்டோபரில் ஊசி போடத் தொடங்கினார்கள். சில நாட்களிலேயே பிட்ஸ்பர்க் நகரில் ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட முதியோர் மூவர் இறந்த செய்தி வந்தது. மூவரும் இதய நோயாளிகள். ஊசிக்கும் அவர்கள் இறப்புக்கும் தொடர்பு இருந்ததாகக் காணப்படவில்லை. ஆயினும் எங்கே எத்தனை முதியவர் ஊசிக்குப் பின் இறந்தார் என்று செய்திகள் எண்ணத் தொடங்கின. அதுவரை காய்ச்சலுக்குப் பயந்தவர்கள் இப்போது ஊசிக்குப் பயந்தார்கள்.

பின்னர் உண்மையாகவே ஒரு பக்கவிளைவு தெரியவந்தது. ஊசி போட்டவர்களில் லட்சத்தில் ஒருவர் என்ற அளவில் கில்லன் பாரே என்ற நரம்பு வாத நோய் கூடுதலாகக் காணப்பட்டது. டிசம்பர் 16ஆம் நாள் திட்டத்தை நிறுத்தினார்கள். அதற்குள் நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டிருந்தார்கள். எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவே இல்லை. அந்தக் கிருமி முகாமுக்கு வெளியே பரவவில்லை.

அப்படியானால் பயந்தது தவறா? அன்று முகாமில் பார்த்ததை வைத்துத் தயாரானது தவறு என்று சொல்வது கடினம். மருந்தைத் தயாரித்து வைப்பது ஒரு முடிவு. அதை எல்லாருக்கும் போடுவது வேறொரு முடிவு. முதல் முடிவுக்குப் பின், நோய் பரவுகிறதா என்று பொறுத்துப் பார்க்க நேரம் இருந்தது. பயம் அந்த இரண்டு முடிவுகளையும் ஒன்றாக்கிவிட்டது. அதுதான் பிழை.

மூன்றாவது, நம்மில் பலருக்கும் நினைவிருக்கும் 2009ஆம் ஆண்டு. மெக்சிகோவிலிருந்து பன்றிக் காய்ச்சல் என்ற பெயரோடு செய்தி வந்தது. ஏப்ரல் மாத இறுதியில் எகிப்து அரசு நாட்டிலுள்ள பன்றிகளை எல்லாம் கொல்ல ஆணையிட்டது. ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகள். அப்போது எகிப்தில் ஒரு மனிதருக்குக்கூட அந்த நோய் கண்டறியப்படவில்லை. நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது. அந்தப் பன்றிகளை வளர்த்தவர்கள் கெய்ரோ நகரின் குப்பையை வீடு வீடாகச் சேகரித்து வாழ்ந்த ஏழைக் காப்டிக் கிறிஸ்தவர்கள். மிச்ச உணவைத் தின்று குப்பையைக் குறைத்தவை அந்தப் பன்றிகள்தாம். அவை போனபின் நகரில் குப்பை நாறியது; குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. நோயோ வந்தே தீர்ந்தது.

நம் நாட்டில் அந்த ஆகஸ்டு மாதம் புனே நகரில் ஒரு பள்ளிச் சிறுமி இறந்தார். இந்தியாவில் இந்நோயின் முதல் பலி. முகக்கவசங்கள் கடைகளில் தீர்ந்தன, பள்ளிகள் மூடின, தொலைக்காட்சிகள் நாள்தோறும் எண்ணிக்கை சொல்லின. அரசுக் கணக்கின்படி அந்த ஆண்டில் நாடு முழுவதும் 981 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு, 2010இல், 1,763 பேர். ஏறத்தாழ இரு மடங்கு! ஆனால் அதற்குள் தலைப்புச் செய்திகள் வேறு பக்கம் போய்விட்டன. செய்தி ஓய்ந்தது, நோய் ஓயவில்லை. 2015இல் அதே நோயில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். பரிசோதனைக்கூடங்களில் உறுதியான இறப்புகள் 18,500 அளவிலேயே இருந்ததால், உலகச் சுகாதார நிறுவனம் பீதியைக் கிளப்பியது என்று ஐரோப்பாவில் குற்றம் சாட்டினார்கள். 2012இல் வந்த ஆய்வு வேறு கணக்கைச் சொன்னது. உண்மையில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சம் முதல் ஐந்தே முக்கால் லட்சம் வரை இருக்கலாம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்ந்தவர்கள் என்றது. பரிசோதனைக்கு வழியில்லாத குடிசையில் காய்ச்சலோடு இறந்தவரை யார் எண்ணினார்கள்? "ஒன்றுமில்லாததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று சொல்லப்பட்டபோது, அந்த "ஒன்றுமில்லை" என்ற கணக்கில் ஏழைகள் சேர்க்கப்படவே இல்லை.

ஆகவே, அன்பு நேயர்களே, நம் அச்சம் மிகையா இல்லையா என்று தராசில் நிறுத்துப் பார்ப்பதோடு நின்றுவிட முடியாது. தலைப்புச் செய்தியின் எழுத்து எவ்வளவு பெரிதோ ஆபத்தும் அவ்வளவு பெரிது என்று நம்புவதும் தவறு. செய்தி நின்றுவிட்டால் ஆபத்தும் நின்றுவிட்டது என்று நம்புவதும் தவறு. அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வரும்போது சிலவற்றைக் கேட்டுப் பார்ப்போம். இதைச் சொல்பவர் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்கிறாரா? இப்போதே செய்ய வேண்டியது எது, பொறுத்துப் பார்த்துச் செய்யக்கூடியது எது? இந்த அச்சத்தின் விலையை யார் தலையில் கட்டுகிறோம்? யாருடைய சாவு நம் கணக்கில் வரவில்லை?

நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவரை இருவர் விலகிச் சென்றார்கள் என்று வாசிக்கிறோம். அந்தப் பாதையில் கள்வர் பயம் உண்மையாகவே இருந்தது. சமாரியரும் அதே பாதையில்தான் வந்தார். நம் தெருவிலும் காய்ச்சலோடு ஒரு வீட்டுக் கதவு மூடிக் கிடக்கலாம். முகக்கவசம் அணிந்துகொள்வோம், கைகளைக் கழுவிக்கொள்வோம், மருத்துவர் சொல்வதைக் கேட்போம். அதன்பின், கொஞ்சம் கஞ்சியோடு அந்தக் கதவைத் தட்டுவோம்.