வாக்கு என்னும் சொல்

பேச்சில் ‘ஓட்டு’ என்கிறோம். ஏட்டில் ‘வாக்கு’ என்று எழுதுகிறோம். வடபுலத்தில் வாழும் தமிழர் தேர்தல் வரும்போதெல்லாம் ‘மத்’ என்றும் ‘மத்தான்’ என்றும் கேட்டிருப்பர். வங்காளத்தில் வாழ்வோர் ‘போட்’ என்று கேட்டிருப்பர். செயல் ஒன்று, பெயர் பல. அப்பெயர்களின் பிறப்பை ஆராய்ந்தால், அச்செயலின் தன்மையே நமக்கு விளங்கும்.

‘ஓட்டு’ம் ‘போட்’டும் ஆங்கிலச் சொல்லின் திரிபுகள். ஆங்கிலத்திற்கு அதனைத் தந்தது இலத்தீன் மொழியின் ‘வோட்டும்’ என்னும் சொல். நேர்த்திக்கடன் என்பது அதன் பொருள். இன்னது கைகூடினால் இன்னது செலுத்துவேன் என்று பழைய உரோமர் தெய்வத்தின் முன் நேர்ந்துகொண்டனர். நேர்த்தி என்ற பொருள் நாளடைவில் விருப்பம் என விரிந்து, பின்னர் விருப்பத்தைத் தெரிவிக்கும் முறைக்கே பெயராயிற்று.

இந்தியின் ‘மத்’ மனத்தைச் சார்ந்தது. எண்ணுதல் என்னும் பொருளுடைய வடமொழி வேரிலிருந்து பிறந்து, கருத்து என்று பொருள்படுவது. ‘மத்தான்’ என்பது கருத்தைத் தானமாக ஈதல். இச்சொல் நமக்கும் புதிதன்று. நன்னூலார் எழுவகை மதம் என்று கூறியது, நூலாசிரியர் மேற்கொள்ளும் கொள்கைகளையே. ‘சம்மதம்’ என்னும் சொல்லிலும் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ஆயின் ‘மதம்’ என்று தனித்துச் சொன்னால், இன்று தமிழர் சமயம் என்றே கொள்வர்.

‘வாக்கு’ம் வடமொழியினின்று வந்ததே, பேச்சு என்பது பொருள். ஒலி ஒத்திருத்தலால் ‘வாக்கு’ம் ‘வோட்’டும் ஒரு வேரின என்று கருதிவிடலாகாது. வாக்கின் இலத்தீன் உறவு, குரல் என்று பொருள்படும் ‘வோக்ஸ்’ என்பதே. தமிழில் வாக்கு வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் அதனைக் காக்க வேண்டும். வாக்குத் தவறியவனை உலகம் மதிப்பதில்லை. வழக்கு மன்றத்தில் சான்று கூறுவதும் வாக்குமூலமே. எனவே, தமிழில் வாக்களிப்பவன் தன் சொல்லைப் பிறர்க்குத் தருகிறான். வேட்பாளர் தருவது வாக்குறுதி. மக்கள் தருவது வாக்கு. சொல்லுக்குச் சொல் ஈடாக நிற்கும் ஒப்பந்தம் இது.

குடவோலை பற்றி நேயர்கள் அறிவர். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அம்முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கணக்குக் காட்டாதவரை விலக்கிய அவர்தம் நேர்மை போற்றத்தக்கது. எனினும் அது திருவுளச்சீட்டு. எண்ணிக்கையால் முடிவு கண்ட வாக்கெடுப்பு அன்று. நிலமும் மனையும் கல்வியும் உடையோர் பெயர்களே அக்குடத்துள் சென்றன.

நிலம், கல்வி என்ற வேறுபாடின்றி, வயது வந்தோர் அனைவருடைய வாக்கையும் இந்நாடு கேட்டது 1951-52 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான். வாக்காளர் 17 கோடிக்கு மேற்பட்டோர்; அவருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைத்தனர். விரும்பிய பெட்டியில் சீட்டை இட்டால் போதும். ஆயினும் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. இன்னாரின் தாய், இன்னாரின் மனைவி என்று மட்டும் கூறித் தம் பெயரை வெளியிடாமையே காரணம். பீகார், இராசசுதான் முதலிய வடபகுதிகளில் இது மிகுதி. பெயரைச் சொல்லாதவர்க்கு வாக்கும் இல்லாமற் போயிற்று.

பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்து வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1950 ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் வழக்கமாக எங்குக் குடியிருக்கிறாரோ அங்குத்தான் அவர் பெயர் பட்டியலில் ஏறும். சொந்த ஊரில் வீடு இருப்பது மட்டும் அதற்குப் போதாது. ஒரே சமயத்தில் இரு தொகுதிகளில் பெயர் இருத்தலும் கூடாது. ஊரில் பாட்டன் கட்டிய வீடு இருக்கிறது என்னும் நிறைவோடு, வாழும் நகரில் பெயரைப் பதியாதிருப்போர் பலர். இவர்கள் குடிக்கும் நீரையும், நடக்கும் தெருவையும், பிள்ளைகள் பயிலும் பள்ளியையும் பற்றிய முடிவுகள் இவர்தம் சொல் இன்றியே நடந்தேறுகின்றன.

மனம், வாக்கு, காயம் என்று மூன்றையும் சேர்த்தே நம் முன்னோர் கூறினர். ‘மத்’ என்பதில் மனம் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் வாக்கு இருக்கிறது. எஞ்சியது காயம். பெயரைப் பதிந்து, உரிய நாளில் சாவடிவரை நடந்து செல்ல வேண்டியது உடம்பின் வேலை. பெட்டிகள் மறைந்து, 2004 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் நாடெங்கும் பொத்தானை அழுத்தும் பொறி வந்துவிட்டது. அங்கே வாய் திறக்க வேண்டுவதில்லை. ஆயினும் நாம் அங்கே தருவது சொல்தான்.