பாலர் வகுப்புக்குள் பருவங்கள் வந்த வரலாறு

மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குப் பருவத்துக்கேற்ற கைவேலை கொடுப்பது, ஒரு முறையான கல்வியாக 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் உருவெடுத்தது. விதை ஊன்றுவது, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஒட்டுவது, காய்கறி நறுக்குவது, காகிதம் மடிப்பது என இன்று மழலையர் பள்ளிகளில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி, துரிங்கியா மலைநாட்டைச் சேர்ந்த பிரீட்ரிக் ஃபிரோபெல் வகுத்த முறையில் வேர்கொண்டவை.

ஃபிரோபெல் 1782இல் ஓபர்வைஸ்பாக் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒரு வயது நிறைவதற்குள் தாயை இழந்தார். பதினைந்தாம் வயதில் ஒரு வன அலுவலரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். மரம் செடிகளோடு தனியே கழிந்த அந்தக் காலம் அவரைக் கடைசிவரை விடவில்லை. பின்னர் சுவிட்சர்லாந்தின் இவெர்டோன் நகரில், புகழ்பெற்ற கல்வியாளர் பெஸ்டலோசியின் பள்ளியில் 1808 முதல் 1810 வரை இருந்தார். பெர்லினில் கிறிஸ்டியான் சாமுவேல் வைஸ் என்ற படிகவியல் அறிஞரின் கீழ்க் கனிமங்களை வகைப்படுத்தும் பணியும் பார்த்தார். காட்டில் பழகியதும் படிகங்களில் கற்றதும் அவருடைய கல்விமுறையில் இரண்டு தனி இழைகளாக ஓடுகின்றன. பிற்காலத்தில் அம்முறைக்கு நேர்ந்த நன்மை தீமை இரண்டையும் இந்த இழைகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பாட் பிளாங்கன்பர்க் நகரில் 1837இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு 1840இல் கிண்டர்கார்டன் என்ற பெயர் வந்தது. அங்கே குழந்தைகள் கையாண்ட பொருள்களை அவர் ‘கொடைகள்’ என்றார். முதல் கொடை கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். இரண்டாவது மரத்தால் செய்த கோளம், உருளை, கனசதுரம். மூன்றாவது எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் கனசதுரம். இவற்றோடு காகிதம் மடித்தல், காகிதப் பாய் முடைதல், அட்டையில் ஊசியால் துளையிடுதல், களிமண் உருட்டுதல் போன்ற கைவேலைகளும் இருந்தன.

இவற்றில் மிக எளியது பட்டாணி வேலை. உலர்ந்த பட்டாணியை ஊறவைத்து, அது மிருதுவானதும், முனை சீவிய மெல்லிய குச்சிகளை அதில் செருகுவார்கள். ஒவ்வொரு பட்டாணியும் ஒரு மூட்டாக, குச்சிகள் சட்டமாக, நாற்காலி, வீடு, கோபுரம் என்று உருவங்கள் எழும். அப்படியே காயவிட்டால் பட்டாணி சுருங்கிக் குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை. நீரில் ஊறினால் விதை உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பதைக் குழந்தைக்கு எவரும் வாயால் சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆனால் பருவங்களுக்கு உரிய இடம் மேசை அல்ல, தோட்டமே. ஃபிரோபெல் வகுத்த பள்ளித் தோட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தி உண்டு. இடம் போதாவிட்டால் இருவருக்கு ஒன்று. அந்தப் பாத்திகளைச் சூழ்ந்து எல்லோருக்கும் பொதுவான பாத்திகள் இருக்கும். சமுதாயம் தனிமனிதரை அரவணைக்க வேண்டும் என்ற கருத்தையே அவர் இப்படி மண்ணில் வரைந்து காட்டினார். பொதுப் பாத்தியில் பூச்செடிகளும் காய்கறிகளும் தானியங்களும் ஒழுங்காகப் பயிராகும். சொந்தப் பாத்தியில் குழந்தை விரும்பியதை நடலாம், விரும்பியபடி பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும், அதுவும் பாடமே. குழந்தையின் பெயரும் செடியின் பெயரும் எழுதிய பலகைகள் நடப்பட்டன. வசந்தத்தில் விதைப்பு, கோடையில் களையெடுப்பும் நீர் ஊற்றலும், இலையுதிர் காலத்தில் விதை சேகரிப்பு என்று ஆண்டு முழுவதும் வேலை இருந்தது.

பிரஷ்ய அரசு 1851 ஆகஸ்டில் கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. நாத்திகமும் சமதர்மமும் பரப்புகின்றன என்பது குற்றச்சாட்டு. சீர்திருத்தக் கருத்துகளை எழுதிவந்த அண்ணன் மகன் கார்ல் ஃபிரோபெலையும் இவரையும் அதிகாரிகள் குழப்பிக்கொண்டதும் தடைக்கு ஒரு காரணம். ஃபிரோபெல் 1852இல் காலமானார். தடை 1860இல்தான் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அவரிடம் பயின்றவர்கள் இந்த முறையை வெளிநாடுகளுக்குக் கொண்டுசென்றனர். 1856இல் மார்கரெத்தே ஷுர்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாட்டர்டவுன் நகரில் ஒரு ஜெர்மன் மொழிக் கிண்டர்கார்டன் நடத்தினார். எலிசபெத் பீபாடி 1860இல் பாஸ்டனில் ஆங்கில வழிப் பள்ளியைத் திறந்தார்.

கடல் தாண்டியபோது ஒரு பாதிதான் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. கொடைகளைப் பெட்டியில் அடைத்து விற்கலாம். தோட்டத்தை விற்க முடியாது. விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளரான மில்டன் பிராட்லி, 1869 முதல் கிண்டர்கார்டன் சாதனங்களைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். நகரப் பள்ளிகளில் மண் இல்லை, பெட்டிகள் இருந்தன. நாளடைவில் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, ஆசிரியர் சொன்ன வரிசையில் கட்டை அடுக்கி, அட்டையில் புள்ளி புள்ளியாகக் குத்தும் பயிற்சியாக அது சுருங்கியது. ஃபிரோபெலுக்கு அவருடைய சீடர்களே இழைத்த அநீதி என்று இதைச் சொல்லலாம்.

நகரக் குழந்தைகள் இயற்கையிலிருந்து எவ்வளவு விலகியிருந்தார்கள் என்பதற்குக் கணக்கும் கிடைத்தது. உளவியலாளர் ஸ்டான்லி ஹால், பாஸ்டனில் பள்ளியில் சேர வந்த குழந்தைகள் எதையெல்லாம் அறிந்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1883இல் வெளியிட்டார். பத்தில் எட்டுக் குழந்தைகளுக்குத் தேன்கூடு என்றால் என்னவென்று தெரியவில்லை; பாதிக்கும் மேற்பட்டோருக்குச் செம்மறியாட்டைத் தெரியவில்லை. இத்தகைய குழந்தைகளுக்கு நுண்ணிய ஊசி வேலை எதற்கு என்ற கேள்வி எழுந்தது. லூயிவில் நகரில் ஆனா பிரையன், கொடைக் கட்டைகளை வைத்துப் பொம்மைக்குக் கட்டிலும் மேசையும் செய்துகொள்ளக் குழந்தைகளை அனுமதித்தார். ஜப்பானில், 1876இல் டோக்கியோ பெண்கள் ஆசிரியர் பள்ளியோடு தொடங்கிய கிண்டர்கார்டனுக்கு 1917இல் பொறுப்பேற்ற குரஹாஷி சோஸோ, வரிசைப்படுத்தி வைத்திருந்த கொடைகளை எல்லாம் ஒன்றாகக் கலந்து கூடையில் கொட்டிவிட்டார். அன்று முதல் அவை வெறும் விளையாட்டுக் கட்டைகள்.

தோட்டத்தின் பக்கத்தைக் காப்பாற்றியவர், ஃபிரோபெலின் உறவினரும் மாணவியுமான ஹென்ரியெட்டே ஷ்ராடர் பிரைமான். பெர்லினில் 1870களில் அவர் வளர்த்த பெஸ்டலோசி ஃபிரோபெல் இல்லத்தில் ‘மாதப் பொருள்’ என்ற ஏற்பாடு இருந்தது. பருவத்துக்கேற்ற ஒரு செடியோ விலங்கோ வீட்டு வேலையோ மையப்பொருளாகத் தேர்ந்தெடுக்கப்படும். அந்த மாதம் முழுவதும் கதை, பாட்டு, ஓவியம், களிமண் வேலை, சமையல் எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும். குழந்தைகள் உண்மையாகவே காய் உரித்தார்கள், பெருக்கினார்கள், பொம்மைத் துணி துவைத்தார்கள். இன்றைய மழலையர் பள்ளிகளில் மாதம் ஒரு கருப்பொருள் வைத்துப் பாடம் திட்டமிடும் வழக்கத்துக்கு இதுவே முன்னோடி.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் இன்னொரு கிளை தழைத்தது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை வந்து, அடையாறில் பிரம்மஞான சபையின் ஆதரவில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். உலகப் போர் காரணமாக நாடு திரும்ப முடியாத நிலையில், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே ஒரு சிறு பள்ளியும் நடந்தது. சுற்றியிருந்த மலைச்செடிகளும் சிற்றுயிர்களுமே பாடப்பொருள்கள். குழந்தைகள் இலைகளின் வடிவம், பூக்களின் பகுதிகள் ஆகியவற்றைப் பிரித்தறிவதற்கான சாதனங்கள் பல அந்த ஆண்டுகளில் உருப்பெற்றன.

மேலை நாட்டுப் பருவங்கள் அச்சுப் புத்தகங்களோடு வந்து ஒட்டிக்கொண்டதும் உண்டு. பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்யும் வேலை, பனியையே காணாத ஊர்களின் எல்.கே.ஜி. வகுப்புகளிலும் நடக்கிறது. உள்ளூர்ப் பருவத்துக்கோ பொருள் பஞ்சமே இல்லை. கோடையில் சாப்பிட்டு முடித்த நுங்குக் கூந்தல்கள் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, நடுவில் கவைக்கோல் வைத்துத் தள்ளினால் வண்டி தயார். ஆடிக் காற்றுக்குப் பனையோலைக் காற்றாடி, ஐப்பசி மழைக்குக் காகிதக் கப்பல், மார்கழிக்கு வாசலில் புள்ளிக் கோலம், தைக்கு மண்பானையில் வண்ணம் என்று நாட்காட்டியே பாடத்திட்டமாக நிற்கிறது. புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கும் வேலை ஃபிரோபெலின் மேசையிலும் உண்டு என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அதன்கீழ் இயங்கும் தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டம் நடைமுறையில் உள்ளது. அது மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்ற முறையில் அமைந்திருக்கிறது.