காலித் தட்டை ஓயாமல் விசாரித்த கணினி



2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, நம் ஆசிரியர்கள் பலருக்கு மடிக்கணினியும் பாடக் குறுவட்டுகளும் வழங்கப்பட்டன. பாடம் முடிந்து குறுவட்டை வெளியே எடுத்த பின்னரும், வெறுமையாய்க் கிடந்த அந்தக் குறுவட்டு இயக்கி மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது. அதை உறங்க வைக்கப் பொறியாளர்கள் பட்ட பாடு ஒரு தனி வரலாறு.

வட்டு உள்ளே இருந்து, யாரும் படிக்காமல் விட்டால், செய்ய வேண்டியது எளிது. சில நிமிடங்களில் சுழல் மோட்டாரை நிறுத்திவிடலாம். இயக்கிகள் தாமாகவே அதைச் செய்தன. தொல்லை கொடுத்தது காலியான இயக்கிதான்.

1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த விண்டோஸ் 95, குறுவட்டை இட்டவுடன் அதிலுள்ள நிரலைத் தானே தொடங்கும் வசதியைக் கொண்டுவந்தது. குழந்தைகளுக்கு அது மாயவித்தை போலத் தோன்றியது. ஆனால் வட்டு வந்திருப்பதைக் கணினி எப்படி அறியும்? இயக்கிகள் பல தாமாக முன்வந்து சொல்வதில்லை. எனவே இயங்குதளம் ஓரிரு நொடிகளுக்கு ஒருமுறை, "வட்டு வந்ததா, வட்டு வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தேர்வு எழுதும் மாணவனிடம் நொடிக்கொரு தரம் "முடித்துவிட்டாயா?" என்று கேட்டால் அவன் எப்படி எழுதுவான்! அதுபோல, ஓயாத இந்த விசாரிப்பால் இயக்கி மட்டுமன்றி, அதை இணைக்கும் சாட்டா தடமும் ஓய்வு நிலைக்குப் போக இயலவில்லை.

2007இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட பவர்டாப் என்னும் லினக்ஸ் கருவி இந்த இரகசியத்தை வெளிப்படுத்தியது. ஹால் என்ற நிரல் குறுவட்டு இயக்கியை விசாரிப்பதை நிறுத்திவிடுங்கள் என்று அது பயனருக்கு அறிவுரை கூறியது. மின்சாரம் மிச்சமாகும், ஆனால் வட்டை இட்டால் சாளரம் தானே திறக்காது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டிய நிலை. 2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.38, விசாரிக்கும் பொறுப்பைக் கெர்னலே ஏற்க வழிசெய்தது. எனினும் கேள்வி ஓயவில்லை.

உண்மையான தீர்வு வன்பொருளிலிருந்தே வந்தது. 2011 ஜூலையில் வெளியான சாட்டா 3.1 வரையறை, காலியான இயக்கிக்கு மின்சாரத்தை அறவே துண்டிக்க இடமளித்தது. தட்டு மூடியிருந்து உள்ளே வட்டும் இல்லையெனில் இயக்கி முற்றிலும் அணைந்துவிடும். பயனர் பொத்தானை அழுத்தினால் ஒரு தனிக் கம்பி வழியே கணினிக்குச் செய்தி போகும்; கணினி மீண்டும் மின்சாரம் கொடுக்கும். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8உம், 2013 ஏப்ரலில் லினக்ஸ் 3.9உம் இதனை ஏற்றன. லினக்ஸில், வட்டு இல்லாத நிலை 30 நொடி நீடித்தால் மின்சாரத்தைத் துண்டிக்கலாம் என்று வைத்தார்கள்.

இங்கு ஒரு நுட்பமான சிக்கல் இருந்ததை நான் மிகவும் இரசித்தேன். பொத்தானை அழுத்தும் வேளையில் இயக்கிக்கு உயிரே இல்லை. விழித்தெழுந்த பிறகு, தன்னை எழுப்பிய விரல் எதற்காக அழுத்தியது என்பது அதற்குத் தெரியாது. அப்படியே விட்டிருந்தால் பயனர் இரண்டாம் முறையும் அழுத்த வேண்டியிருக்கும். இயக்கி பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருப்போம். ஆகவே மின்சாரம் கொடுத்த கையோடு, தட்டை வெளியே தள்ளும் கட்டளையையும் லினக்ஸே அனுப்புகிறது.

இவ்வளவும் கைகூடிய வேளையில் குறுவட்டின் காலமே சாய்ந்துகொண்டிருந்தது. 2008இல் வந்த மேக்புக் ஏர் கணினியில் குறுவட்டு இயக்கி கிடையாது. 2012இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் புரோவிலும் அதற்கு இடமில்லை. அன்று நமக்குக் கிடைத்த பாடக் குறுவட்டுகளை இன்று திறந்து பார்க்க வேண்டுமானால், யூ.எஸ்.பி.யில் செருகும் வெளி இயக்கி ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும்.