மார்கரெட் – டேவிட் இணையின் திரைப்பட விமர்சனம்

ஒரு திரைப்படத்தைப் பற்றி இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசி, கருத்து வேறுபட்டு, இறுதியில் தத்தம் மதிப்பெண்ணைச் சொல்லும் முறைக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. இன்று இணையத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் திரை விமர்சன வலையொலிகள் (பாட்காஸ்ட்) பல நாடுகளில் கேட்கக் கிடைக்கின்றன. அவற்றுக்கு முன்னோடி எனத்தக்க தொலைக்காட்சி இணைகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் மார்கரெட் பொமரான்ஸ் – டேவிட் ஸ்ட்ராட்டன் இணை ஆகும். இவர்கள் 1986 முதல் 2014 வரை 28 ஆண்டுகள் சேர்ந்து விமர்சனம் செய்தனர்.

இம்முறை அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கியது. ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழின் ஜீன் சிஸ்கெல், அதன் போட்டி இதழான ‘சிகாகோ சன்-டைம்ஸ்’ இதழின் ராஜர் ஈபர்ட் ஆகிய இருவரையும் 1975இல் அவ்வூர்ப் பொதுத் தொலைக்காட்சி ஒரே அரங்கில் அமர்த்தியது. கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இவர்களால் உலகறிந்தது. போட்டிப் பத்திரிகையாளர்கள் என்பதால் இவர்களின் வாதத்தில் உண்மையான சூடு இருந்தது. பார்வையாளர்கள் அதையே விரும்பினர்.

டேவிட் ஸ்ட்ராட்டன் 1939இல் இங்கிலாந்தில் பிறந்து 1963இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். 1966 முதல் 1983 வரை சிட்னி திரைப்பட விழாவின் இயக்குநராக இருந்தார். மார்கரெட் பொமரான்ஸ் சிட்னியில் 1944இல் பிறந்தவர். பல மொழி பேசும் குடியேறிகளுக்காக 1980இல் ஒளிபரப்பைத் தொடங்கிய எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் இருவரும் பணியாற்றினர். 1986 அக்டோபரில் ‘தி மூவி ஷோ’ தொடங்கியபோது, தயாரிப்புப் பணியில் இருந்த மார்கரெட்டே கேமராவின் முன் வந்து டேவிட்டுக்கு அருகில் அமர்ந்தார். 2004இல் இருவரும் ஏ.பி.சி. தொலைக்காட்சிக்கு மாறி ‘அட் தி மூவிஸ்’ என்ற பெயரில் அதே பணியைத் தொடர்ந்தனர். நிகழ்ச்சியில் பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. இரண்டு நாற்காலிகள், படத்திலிருந்து சில காட்சிகள், பின்னர் பேச்சு, ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்ற மதிப்பீடு, அவ்வளவுதான்.

இவர்களைக் கணவன் மனைவி என்றே நம்பிய பார்வையாளர்கள் ஏராளம். உண்மையில் இருவருக்கும் தனித்தனிக் குடும்பங்கள் இருந்தன. நம்பியவர்களையும் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிப்பதும், “அது எப்படி உங்களுக்குப் பிடித்தது?” என்ற வியப்பில் முகம் மாறுவதும், அடுத்த படத்துக்கு வந்ததும் பழையதை மறந்து சிரிப்பதும் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் நடப்பவைதாமே. மார்கரெட்டின் பெரிய காதணிகளும், கையில் பிடித்து ஆட்டியபடி எடுக்கும் ஒளிப்பதிவின்மேல் டேவிட்டுக்கு இருந்த தீராத வெறுப்பும் பார்வையாளர்களுக்கு வீட்டுச் செய்திகள்போல் ஆகிவிட்டன.

இதனால் விளைந்த பயன் ஒன்று கருதத்தக்கது. பல ஆண்டுகள் பார்த்தவர், தாம் மார்கரெட் பக்கமா டேவிட் பக்கமா என்பதைத் தெரிந்துவைத்திருந்தார். டேவிட் திட்டினால் அந்தப் படத்தைத் தேடிப் போகிறவரும் இருக்கலாம். மதிப்பெண் சரியா தவறா என்பதைவிட, அதைக் கொடுத்தவரின் சுவை தெரிந்திருப்பதே பார்வையாளருக்கு உதவியது. தமிழில் ‘ஆனந்த விகடன்’ மதிப்பெண்ணுக்கு இருந்த செல்வாக்கை இதனோடு ஒப்பிடலாம். 1977இல் ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மதிப்பெண் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அது குழுவின் தீர்ப்பாக, ஒரே எண்ணாக வந்தது. குழுவுக்குள் யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை. சிட்னி நிகழ்ச்சியில் அந்த மறுப்புத்தான் நிகழ்ச்சியாகவே இருந்தது.

கருத்து வேறுபாட்டின் உச்சம் லார்ஸ் வான் டிரையர் இயக்கிய ‘டான்சர் இன் தி டார்க்’ (2000) படத்தில் வெளிப்பட்டது. பார்வை மங்கிவரும் ஏழைத் தாய் ஒருத்தியின் கதை அது. கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. மார்கரெட் ஐந்துக்கு ஐந்து கொடுத்தார். டேவிட் கொடுத்தது சுழியம். ஒரே அரங்கில், ஒரே படத்துக்கு, பல்லாண்டு படம் பார்த்துப் பழகிய இருவர் இப்படிச் சொன்னால் பார்வையாளர் என்ன செய்வார்? தாமே பார்த்து முடிவு செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

வேறுபாடு சுவையைத் தாண்டி அறம் பற்றியதாக மாறியதும் உண்டு. மெல்போர்னில் வியட்நாமியக் குடியேறிகளைத் தாக்கும் நவநாஜி இளைஞர் கும்பலைப் பற்றிய ‘ராம்பர் ஸ்டாம்பர்’ (1992) வெளிவந்தபோது டேவிட் அதற்கு நட்சத்திரம் எதுவும் வழங்க மறுத்துவிட்டார். சுழியம் கொடுப்பது வேறு, மதிப்பிடவே மறுப்பது வேறு. இப்படம் இனவெறி வன்முறையைத் தூண்டிவிடும் என்பது அவர் அச்சம். படத்தின் இயக்குநர் ஜெஃப்ரி ரைட் 1994ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் டேவிட்மேல் மதுவை ஊற்றித் தம் கோபத்தைக் காட்டினார். இயக்குநர் செய்தது முறையன்று. ஆயினும், பார்த்துவிட்டு மதிப்பிட மறுக்கும் உரிமை விமர்சகருக்கு உண்டா என்ற கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

தணிக்கையை எதிர்ப்பதில் மட்டும் இருவரும் ஒரே அணி. விழா இயக்குநராக இருந்த காலத்திலேயே டேவிட் தணிக்கைக்கு எதிராகப் போராடியவர். ‘கென் பார்க்’ என்ற அமெரிக்கப் படத்துக்கு ஆஸ்திரேலியாவில் சான்றிதழ் மறுக்கப்பட்டபோது, மார்கரெட்டும் அவருடைய நண்பர்களும் 2003 ஜூலையில் சிட்னியின் பால்மெயின் நகர மன்றத்தில் அதைத் திரையிட முயன்றனர். கூட்டம் திரண்டது. காவல்துறையினர் வந்து திரையிடலை நிறுத்தினர். வாரந்தோறும் நாற்காலியில் அமர்ந்து நட்சத்திரம் வழங்கிய ஒருவர், வயது வந்தோர் எதைப் பார்ப்பது என்பதை அவரவரே முடிவு செய்யட்டும் என்பதற்காகத் தெருவுக்கு வந்தார். அவர்மேல் பார்வையாளர் வைத்திருந்த நம்பிக்கைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

2014 டிசம்பரில் நிகழ்ச்சி நிறைவுற்றது. டேவிட் ஸ்ட்ராட்டன் 2025 ஆகஸ்டில் தம் 85ஆம் வயதில் காலமானார்.

இதற்குள் இருவர் விமர்சனம் ஒலிவடிவில் வேறொரு வளர்ச்சி பெற்றிருந்தது. பிபிசி ரேடியோ 5 லைவ் நிலையத்தில் விமர்சகர் மார்க் கெர்மோடும் அறிவிப்பாளர் சைமன் மேயோவும் 2001 முதல் சேர்ந்து பேசினர். பின்னர் அது வலையொலியாகவும் கிடைத்தது. இங்கு இருவரின் வாதத்தில் கேட்போர் மூன்றாமவராக நுழைந்தனர். அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களை மேயோ வாசிப்பார். கெர்மோடின் தீர்ப்பை மறுப்பவை, மருத்துவர் ஒருவர் படத்தில் வரும் சிகிச்சையின் பிழையை எடுத்துக்காட்டுபவை, தந்தையை இழந்த துயரில் ஒரு படம் எப்படித் துணை நின்றது என்று கூறுபவை எனப் பலவகை. நகைச்சுவைப் படம் என்றால் குறைந்தது ஆறு முறையாவது சிரிக்க வைக்க வேண்டும் என்ற கெர்மோடின் அளவுகோலைக் கேட்போரும் கையாளத் தொடங்கினர். கெர்மோடின் பள்ளித்தோழரான நடிகர் ஜேசன் ஐசக்ஸுக்கு வணக்கம் சொல்வது நிகழ்ச்சியின் வழக்கமானது. கேட்போரும் அதைப் பின்பற்றினர்.

திரையரங்கில் பேசாதே, கைப்பேசியைத் தொடாதே, முன்னிருக்கையை உதைக்காதே, தாமதமாக வராதே, செருப்பைக் கழற்றாதே என்பன போன்ற நடத்தை விதிகளும் இந்நிகழ்ச்சியில் உருவாயின. 2022 ஏப்ரல் 1 அன்று பிபிசி நிகழ்ச்சி முடிந்தது. இருவரும் அடுத்த மாதமே சொந்த வலையொலியைத் தொடங்கினர்.